ஒரே ஆதாரத்தைப் படித்த இருவர் எதிரெதிர்த் திசையில் இன்னும் உறுதியாவது நியாயமா?

சில சமயம் நியாயம்தான். எப்போது என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும்.

இந்தக் கேள்விக்கு மூலமான சோதனை 1979இல் வெளியானது. உளவியலாளர்கள் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களுக்கும் எதிர்க்கும் 24 மாணவர்களுக்கும் இரண்டிரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். தண்டனை கொலைகளைத் தடுக்கிறது என்றது ஒன்று, தடுக்கவில்லை என்றது மற்றது. இரண்டுமே புனைந்தவை. ஒன்றின் முறை மரண தண்டனைச் சட்டத்துக்கு முன், பின் என்ற ஒப்பீடு; மற்றதன் முறை அண்டை மாநிலங்களின் ஒப்பீடு. எந்த முறைக்கு எந்த முடிவு என்பதைப் பாதிப் பேருக்கு மாற்றிவைத்தார்கள். தன் பக்கம் பேசினால் நல்ல முறை, எதிர்ப்பக்கம் பேசினால் அதே முறையில் ஆயிரம் ஓட்டை! கடைசியில் இரு தரப்பாரும் முன்பைவிட உறுதியாகிவிட்டதாகச் சொன்னார்கள். ‘சொன்னார்கள்’ என்பது முக்கியம். நிலைப்பாட்டை முன்னும் பின்னும் நேரடியாக அளந்த 1993 ஆய்வில் விளைவு அவ்வளவாகத் தென்படவில்லை.

இப்போது கணக்கு. ஒரு கூற்றுக்கு ஒருவர் 80% தருகிறார், மற்றவர் 20%. விகிதமாக எழுதினால் 4:1, 1:4. ஆதாரத்தின் எடை என்பது, கூற்று உண்மையானால் அது கிடைக்கும் வாய்ப்பை, பொய்யானால் கிடைக்கும் வாய்ப்பால் வகுத்தால் வருவது. எடை 3 என்று இருவரும் ஒப்புக்கொண்டால் 12:1, 3:4 ஆகும். அதாவது 92%, 43%. இருவருமே ஒரே பக்கம்தான் நகர்கிறார்கள். அதே எடையில் எதிர் ஆதாரமும் வந்தால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஆனால் முதலாமவர் எதிர் ஆய்வைக் குடைந்து, குறை கண்டு, அதைச் செல்லாததாக்குகிறார், எடை 1, அதாவது அது விகிதத்தை மாற்றாது. சாதகமானதற்கு 3 அப்படியே நிற்கிறது. அவர் 92%க்குப் போகிறார். மற்றவர் இதையே தலைகீழாகச் செய்து 8%க்கு இறங்குகிறார். பெருக்கலில் பிழையே இல்லை.

எதிர்பாராத முடிவைக் கூடுதலாகத் துருவுவது தன்னளவில் குற்றமில்லை என்று 2008இல் தத்துவவியலாளர் தாமஸ் கெல்லி வாதிட்டார். சரிதான், கண்டுபிடித்த ஓட்டை மெய்யான ஓட்டைதானே. சிக்கல் மறுபக்கத்தில். ஒரு மணி நேரம் தேடியதில் மூன்று குறை, ஐந்து நிமிடம் புரட்டியதில் ஒன்றுமில்லை என்றால், இரண்டாவது ஆய்வு சுத்தம் என்று ஆகாது. தன் தேடல் ஒருபக்கச் சாய்வானது என்று தெரிந்த பிறகும் 3 என்ற எடையைக் குறைக்காதவருக்கு அந்த 92% உரியதல்ல.

இன்னொரு தவறு எளிதில் கண்ணில் படாது. நம்பத்தகாதவர் சொன்னார் என்றால் எடை 1 ஆகும், அவ்வளவுதான். ‘அவர்களே மறுக்கிறார்கள் என்றால் கட்டாயம் உண்மைதான்’ என்பவர், விஷயம் உண்மையாக இருக்கும்போதுதான் அவர்கள் அதிகம் மறுப்பார்கள் என்று தனியாக நிறுவ வேண்டும். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டுவிட்டு நகர்வது அதற்கு ஈடாகாது.

செய்யக்கூடியது என்ன? ‘நடுநிலையோடு படியுங்கள்’ என்ற அறிவுரை பலிக்கவில்லை என்பதை 1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனும் காட்டினார்கள். ‘இதே ஆய்வு மறுமுடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பைத் தந்திருப்பீர்களா?’ என்று யோசிக்கச் சொன்னது பலித்தது. ஆகவே முடிவுப் பகுதியை மறைத்துவிட்டு, முறையை மட்டும் படித்து, கூற்று உண்மையானால், பொய்யானால் என்ற இரு வாய்ப்புகளையும் முன்கூட்டியே தாளில் எழுதுங்கள். இரு தரப்புக்கும் கடிகாரம் பார்த்து ஒரே நேரம் ஒதுக்குங்கள். பிறகு மூலத்தைத் தேடுங்கள்: பத்துக் கட்டுரைகள் ஒரே தரவை மேற்கோள் காட்டினால் அது ஓர் ஆதாரம்தான். எடை 3ஐத் தனித்தனியாகப் பத்து முறை பெருக்கினால் 59,049 வரும். உங்களுக்கு உரியதோ வெறும் 3.