எழுபது ஆண்டுகள், இரண்டு ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

வேதத்தின் வாக்குத்தத்தங்கள் நாள் பிசகாமல் நிறைவேறும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருப்பார்கள் என்று தீர்க்கதரிசி எரேமியா சொன்ன எழுபது ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது கி.மு. 586, பாரசீக மன்னன் கோரேசு யூதர்களைத் திரும்ப அனுமதித்தது 538. 48 ஆண்டுகள்தான் வருகின்றன. இதை நம்பச் சொல்கிறீர்களா?

டேவிட்

அன்புள்ள டேவிட்,

உங்கள் கழித்தல் சரி, தொடங்கிய இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். எரேமியா 25-ஆம் அதிகாரம் எருசலேமின் வீழ்ச்சியிலிருந்து எண்ணச் சொல்லவில்லை. சுற்றியுள்ள ஜாதிகள் பாபிலோன் ராஜாவைச் சேவிக்கும் காலம் என்றே சொல்கிறது. பாபிலோனுக்கு முன் ஆதிக்கம் செலுத்திய அசீரியாவின் கடைசி முயற்சி ஆரான் நகரில் முறிந்தது கி.மு. 609; பாபிலோன் கோரேசிடம் வீழ்ந்தது 539. எழுபது வந்துவிட்டது. ஆலயத்தை வைத்து எண்ணினால், 586-இல் இடிந்தது 516 வாக்கில் திரும்பக் கட்டி முடிந்தது, அதுவும் எழுபது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அரியணை ஏறிய 605-இல் தொடங்கினாலோ 539 வரை 66தான். பொருந்துகிற தொடக்கத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெற்றி முழக்கம் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை.

அக்காலத்தில் எழுபது என்ற எண்ணுக்கே ஒரு வழக்கம் இருந்தது. அசீரிய மன்னன் சனகெரிப் அழித்த பாபிலோன் எழுபது ஆண்டுகள் பாழாய்க் கிடக்க வேண்டுமென அந்நகரத்தின் தெய்வமான மர்துக் விதித்ததாகவும், பிறகு மனமிரங்கி எண்ணைத் தலைகீழாக்கிப் பதினொன்று ஆக்கியதாகவும் சனகெரிப்பின் மகன் எசரத்தோனின் கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் களிமண்ணில் பதித்து எழுதிய ஆப்பெழுத்தில் எழுபதின் குறிகளை இடம் மாற்றினால் பதினொன்று வரும். அரசர்களுக்கு வசதியான தெய்வம்!

எரேமியாவின் எழுபது யாருக்கும் வசதியாக இல்லை. அதை 28, 29-ஆம் அதிகாரங்களோடு சேர்த்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து, இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டுப் போனவர்களும் திரும்பி வருவார்கள் என்றான். பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் பூட்டியிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். துல்லியம் என்று பார்த்தால் அனனியாவின் வாக்குதான் கச்சிதம். எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் அனுப்பினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள். நாற்பது வயதில் அதைக் கேட்டவன் ஊர் திரும்பப்போவதில்லை. அவன் பேரன் திரும்பலாம்.

எழுபது என்று சொன்னது நாட்காட்டியில் குறித்து வைப்பதற்காக அல்ல, 'இரண்டு' என்ற பொய்யை மறுப்பதற்காக என்றே நான் வாசிக்கிறேன். அந்த வாக்கில் நான் நம்பும் துல்லியம் அதுதான். உங்கள் 48 அதை அசைக்கவில்லை.

இன்னொன்று. அனனியா பேசி முடித்ததும் எரேமியா முதலில் சொன்னது மறுப்பு அல்ல. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். இரண்டே ஆண்டுகளில் முடிந்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்கிறது.