அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிப்பதைவிட, அணுக்கருவிலிருந்து நியூட்ரானைப் பிரிக்க ஏன் இவ்வளவு அதிக ஆற்றல் தேவை?

பிடித்து வைத்திருக்கும் விசைகளே வேறு. எலக்ட்ரானை அணுவில் நிறுத்துவது மின்விசை. புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்துப் பிடிப்பது அணுக்கரு விசை; மிகக் குறுகிய தூரத்துக்கே எட்டும், ஆனால் அதற்குள் அதன் பிடி அசாத்தியமானது.

ஹீலியத்தையே பாருங்கள். முதல் எலக்ட்ரானைக் கழற்ற 24.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) போதும். இரண்டாவதற்கு 54.4, ஏனென்றால் கருவின் ஈர்ப்பை மட்டுப்படுத்த இன்னொரு எலக்ட்ரான் இல்லை. அதே ஹீலியத்தின், இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் கொண்ட ஹீலியம்-4 கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிரிக்கவோ சுமார் 20.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். முதல் எலக்ட்ரானுக்கு ஆனதைப்போல எட்டு லட்சம் மடங்குக்கும் மேல்!

எல்லாக் கருவும் இப்படி இறுக்கமல்ல, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே கருவில் உள்ள ஹைட்ரஜன் வகையான டியூட்டீரியத்துக்கு 2.2 மில்லியனே போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இந்த ஆற்றல் நிறையிலேயே தெரிவதுதான். தனித்தனிப் புரோட்டான், நியூட்ரானின் கூட்டு நிறையைவிட டியூட்டீரியக் கருவின் நிறை குறைவு. குறைந்த நிறைக்கு ஈடான ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அவை பிரியும்.