பூண்டு ஊறுகாய்க்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கவலைப்படாதீர்கள் என்று எழுதி முடித்துவிடலாம்; அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மகள் வேதியியலில் 96 வாங்கியிருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டவே வேண்டாம் என்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார் சொல்கிறார் என்று, நீங்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் அதே படிப்பை வாங்கப் பார்க்கிறீர்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்காக இருக்கிற ஒரே வீட்டின் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். வட்டி கட்டப்போவது கொழுந்தனார் இல்லை.

நர்சிங், வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்ல வருவது உணவுத் தொழில்நுட்பம். அதிலும், நம் சரக்கை வாங்கும் நாட்டின் விதிகளைக் கவனிக்கும் வேலை. ஏற்றுமதி நிறுவனங்களில் இதை ‘ரெகுலேட்டரி’ என்பார்கள்.

கொழுந்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பூண்டு ஊறுகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த ஆலை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே ஒரு ஏஜென்டும் வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை (இது தெரியாமல் இடைத்தரகருக்கு அழுகிறவர்கள் உண்டு). இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு காலாவதியாகும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

பூண்டுக்கு இயல்பில் புளிப்பு குறைவு. காற்றுப் புகாத பாட்டிலில் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், அது ஏற ஏறப் புளிப்பு குறைவு) 4.6-ஐத் தாண்டினால் போட்யுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அதனால் எந்தப் பொருள், எந்த அளவு பாட்டில் என்று தனித்தனியாகச் செய்முறையை எஃப்.டி.ஏ.வில் தாக்கல் செய்ய வேண்டும். பலர் சறுக்குவது அளவெடுப்பதில்: போட்ட அன்றே மசாலாச் சாற்றை மட்டும் அளந்து 3.8 என்று எழுதிவிடுவார்கள். புளிப்பு பூண்டுப் பல்லின் நடுவரை இறங்க நாளாகும். அது இறங்கியபின் எண்ணெயை வடித்து, பல்லோடு சேர்த்து அரைத்து அளக்க வேண்டும். எண்ணெய் படிந்தால் பி.எச். மீட்டரின் எலெக்ட்ரோடு சரியான அளவு காட்டாது. 4.0-க்கு மேல் போகக்கூடிய பொருளுக்கு லிட்மஸ் மாதிரியான தாள் செல்லாது, மீட்டர்தான்.

அடுத்து லேபிள். 2023 ஜனவரி 1 முதல் எள் அங்கே ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். செக்கு நல்லெண்ணெய் ஊற்றிவிட்டு நம் வழக்கப்படி ‘ஜிஞ்செல்லி’ என்று மட்டும் அச்சடித்தால் போதாது, ‘செசமி’ என்ற சொல் இருந்தாக வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருந்தால் கோதுமையையும் சொல்ல வேண்டும். கடுகு அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உண்டு. ஆக ஒரே ஊறுகாய்க்கு நாட்டுக்கு நாடு வேறு லேபிள். கப்பல் போய்ச் சேர எட்டு மணி நேரத்துக்கு முன்பாவது எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பும் போயிருக்க வேண்டும். இதையெல்லாம் பிழையில்லாமல் பார்க்க வேதியியல் தெரிந்த, பொடி எழுத்தைப் படிக்கப் பொறுமையுள்ள ஆள் வேண்டும். எந்த பாக்கெட் வாங்கினாலும் பின்பக்கத்தை வாசிப்பாள் என்று உங்கள் மகளைக் குறை சொல்லி எழுதியிருக்கிறீர்களே, அது குறையே இல்லை.

படிக்க இடம்: டி.என்.இ.ஏ. என்கிற தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலேயே பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால் தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமையும் பாருங்கள். கடைசி ஆண்டில் பி.சி.க்யூ.ஐ. (ஆலையின் உணவுப் பாதுகாப்புத் திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கானது) பயிற்சியை முடிக்கட்டும், இரண்டரை நாள்தான், அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆலைகள் கேட்கும் தகுதி அது. இன்டர்ன்ஷிப் விற்பனைப் பிரிவில் வேண்டாம். ஏற்றுமதியாளரின் தரப்பிரிவிலோ பரிசோதனைக் கூடத்திலோ இருக்கட்டும். முதல் இரண்டு வருடச் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும், அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் சாய்ஸ் கொடுக்குமுன் நேரில் போங்கள். நுண்ணுயிரிப் பரிசோதனைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடினார்கள் என்றால் அந்தக் கல்லூரியின் பெயரை அடித்துவிடுங்கள்.