பந்தைத் தொடாத பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். 140 கோடிப் பேர் வாழும் நாடு ஏன் இதுவரை ஒரு கால்பந்து உலகக் கோப்பையில்கூட ஆடவில்லை? மாநிலத்துக்கு ஒரு பெரிய அகாடமி கட்டி, பத்து வயதிலேயே திறமைசாலிகளைப் பொறுக்கி எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் முன்னேற மாட்டோமா? இன்னொரு விஷயம். மூன்றாம், நான்காம் வகுப்பில் 32 பிள்ளைகள் என்னிடம் கால்பந்துக்கு வருகிறார்கள். ஒரு பையனுக்கு மூளை முடக்குவாதம், காலை இழுத்துத்தான் ஓடுவான். ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. இருவரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு போட்டி நடத்தலாமா? ஒரு நன்கொடையாளர் நல்லா ஆடுகிற பத்துப் பேருக்கு பூட்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த 140 கோடிக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். 2018-இல் ரஷ்யாவில் உலகக் கோப்பை ஆடிய ஐஸ்லாந்தின் மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம். அங்கே ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பவரும் உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர். பனிக்காலத்தில் ஆட உள்ளரங்கு இருக்கிறது. எத்தனை பேர் பிறக்கிறார்கள் என்பதல்ல, எத்தனை பேர் வாரத்தில் நாலு நாள் பந்தைத் தொடுகிறார்கள் என்பதே கணக்கு.

பத்து வயதில் பொறுக்கி எடுப்பது தவறு. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். அந்த வயதில் தேர்வாகிறவன் பெரும்பாலும் உயரமானவன். வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இங்கே எவ்வளவு ஊறியது என்றால், இளையோர் போட்டிகளுக்கு மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்து வயது பார்க்க வேண்டியிருக்கிறது. அகாடமி பேச்சு இத்தோடு போதும்.

கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் உங்கள் கடிதத்தில் ஒரே வரியாக வந்து போகிறது. ‘இருவரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.’ இருவர் மட்டுமா? 32 பேரில் பக்கத்துக்குப் பதினொன்றாக 22 பேர் இறங்கினால் மீதி பத்துப் பேர் வெளியே. உள்ளே இருக்கும் 22 பேருக்கும் ஒரே பந்து. அதில் ஐந்தாறு பேர் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். கோல்கீப்பரான ஒல்லிப் பையன் பெரியவர்களுக்கான 7.32 மீட்டர் கோல் முன்னால் வேர்த்து நிற்பான். உங்களிடம் உட்கார்ந்திருப்பவர்கள் இருபதுக்கு மேல். காது கேட்காத பெண் கண்ணில் பட்டுவிடுகிறாள், மற்றவர்கள் படுவதில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்: இது விளையாட்டு வகுப்பு இல்லை, வேடிக்கை பார்க்கும் வகுப்பு.

பெல்ஜியக் கால்பந்து சம்மேளனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷேல் சப்லோன் சிறுவர் ஆட்டத்தில் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது இளையோர் ஆட்டங்களை நூற்றுக்கணக்கில் படம்பிடித்துப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பந்தைத் தொட்டார்கள். களத்தைச் சுருக்கினார்கள், மிகச் சிறியவர்களுக்குப் புள்ளிப்பட்டியலை எடுத்தார்கள். 2015-இல் பெல்ஜியம் உலகத் தரவரிசையில் முதலிடம் வந்தது. ஜெர்மனி 2018, 2022 இரண்டு உலகக் கோப்பைகளிலும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் ஆட்டத்தை நாடு முழுக்க மாற்றிவிட்டது: சின்னவர்களுக்கு மூன்றுக்கு மூன்று, களத்துக்கு நாலு சின்ன கோல், கோல்கீப்பர் கிடையாது. அங்கேயும் பெரிய ஆட்கள் எதிர்த்தார்கள், பிள்ளைகள் தோற்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று. அது தவறான வாதம். இந்த முறையில் ஒரு காலைப்பொழுதில் ஒரு பிள்ளை பல முறை தோற்கிறது, பல முறை ஜெயிக்கிறது.

உங்கள் 32 பேருக்கு இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

25-க்கு 20 மீட்டரில் நாலு களம். நடுவில் நாலு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டிரண்டாகப் போட்டால் மொத்தம் 54-க்கு 44 மீட்டர் இடம் போதும். 20 மீட்டர் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு கோல், இரண்டு மீட்டர் அகலம், மூலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. கம்பத்துக்குக் கல்லோ செங்கலோ வைக்காதீர்கள், விழுந்தால் மண்டை உடையும். பாதி மண் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் போதும், 32 வேண்டும். கோடு போட சுண்ணாம்புத் தூள் வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பல பள்ளிகளில் இன்னும் அதைத்தான் கொட்டுகிறார்கள். கயிறு கட்டிக் கோலமாவு போடுங்கள். பந்து 3-ஆம் எண், களத்துக்கு ஒன்று, கையிருப்பு இரண்டு. பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை, எட்டு வயதுக் காலுக்கு அது பாரம். அந்தப் பந்தால் பழகும் பிள்ளை நுனிக்காலால் குத்தத்தான் கற்றுக்கொள்ளும்.

அணிக்கு நாலு பேர். மூன்று பேர் உள்ளே, ஒருவர் வெளியே. யார் கோல் போட்டாலும் இரண்டு அணியிலும் ஒருவர் வெளியேறி ஒருவர் உள்ளே வர வேண்டும், 1, 2, 3, 4 என்று வரிசைப்படி. இந்த வரிசையை நீங்கள் கலைக்கக் கூடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். யாரை உட்கார வைப்பது என்ற அதிகாரம் ஆசிரியர் கையில் இருக்கும்வரை மெதுவாக ஓடுகிற பிள்ளைதான் உட்காரும். நீங்கள் நல்லவர்தான், ஆனால் ஸ்கோர் 2-2 என்று நிற்கும்போது நல்லவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் மாற்றத்தை விதியிடம் விட்டுவிடுங்கள். ஒரு சிக்கல் வரும்: சமபலமான ஆட்டத்தில் கோலே விழாது, வெளியே நிற்பவன் நின்றுகொண்டே இருப்பான். இரண்டு நிமிடம் கோல் இல்லையென்றால் நீங்கள் சைகை காட்டியதும் மாற வேண்டும்.

கோலுக்கு ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு கோடு, அதற்குள் வந்து அடித்தால்தான் கோல். இது இல்லாவிட்டால் தூரத்திலிருந்து ஓங்கி உதைப்பவனே எல்லா கோலையும் போடுவான். பந்து வெளியே போனால் காலால் உருட்டிக்கொண்டு உள்ளே வரலாம், கையால் எறிய வேண்டாம். 40 நிமிட பீரியடில் ஏழு நிமிடம் வீதம் நாலு சுற்று, நடுவில் இரண்டு நிமிடம் தண்ணீர். நாலு களத்தையும் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்: ஜெயித்த அணி ஒரு களம் மேலே, தோற்ற அணி ஒரு களம் கீழே. சமமானால் கடைசியாக கோல் போட்ட அணி மேலே. கோலே இல்லையா, சாபூத்ரீ போட்டுக்கொள்ளட்டும். இரண்டு மூன்று சுற்றுக்குள் அவரவர் பலத்துக்கேற்ற எதிரணி வந்துவிடும். அப்படியும் ஓர் அணி மூன்று கோல் பின்தங்கினால் அதன் நாலாவது ஆளையும் உள்ளே விடுங்கள்.

இப்போது அந்தப் பையன். அவனும் ஓர் அணியில் ஒரு எண். பக்கக்கோட்டை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போடுங்கள். அதற்குள் அவன் பந்தை வாங்கினால், அவன் அடுத்து தட்டிவிடும்வரை யாரும் பறிக்கக் கூடாது. அவன் ஆடும் களத்துப் பந்தில் கொஞ்சம் காற்றைக் குறையுங்கள், மெதுவாக உருளும். எந்தப் பக்கம் நிற்க விரும்புகிறான் என்று அவனையே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான சர்வதேச ஆட்டத்திலும் விதிகளை இப்படித்தான் வளைத்திருக்கிறார்கள்: அணிக்கு ஏழு பேர், ஆஃப்சைடு இல்லை, பந்தை ஒரு கையால் உள்ளே உருட்டலாம்.

அந்தப் பெண்ணுக்கு வேண்டியது இன்னும் குறைவு. விசிலோடு ஒரு சிவப்புக் கொடியையும் தூக்குங்கள். கொடியைப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கி நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். அவள் உங்களுக்கு முதுகு காட்டி நின்றாலும் எதிரே நிற்பவன் கை தெரியும். பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் விழட்டும், அவள் கண்ணில் விழக் கூடாது, அப்போதுதான் உதட்டைப் படிக்க முடியும். சொல்வதைவிட செய்து காட்டுங்கள். முதல் நாளே அவள் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

தனிப் போட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்வையற்றோர் கால்பந்துக்குத் தனியிடம் வேண்டும்: 40-க்கு 20 மீட்டர் களம், இரு பக்கமும் பலகைத் தடுப்பு, உள்ளே சலங்கைச் சத்தம் வரும் பந்து, பார்வையுள்ள கோல்கீப்பர், பந்துக்குப் போகிறவர் ‘வோய்’ என்று குரல் கொடுக்க வேண்டும், பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. அதைக் கலந்து ஆட முடியாது. உங்கள் இருவருக்கும் அந்தத் தேவை இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் தனிப் போட்டி நடத்தி, கோப்பை கொடுத்து, போட்டோ எடுத்து, மறுநாள் திரும்பவும் வெளியே உட்கார வைப்பதானால் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நாடு தழுவிய திட்டங்கள் இல்லாமல் இல்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-இல் பேபி லீக் என்ற சிறுவர் போட்டிகளைத் தொடங்கியது, 2023 ஜனவரியில் 2047-க்கான தொலைநோக்குத் திட்டத்தை வெளியிட்டது. ஃபிஃபாவின் பள்ளிகளுக்கான திட்டத்தில் லட்சக்கணக்கான பந்துகள் இந்தியப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டன. அந்தப் பந்து தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டியிருந்தால், பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கினால், எந்தத் திட்டமும் உங்கள் கிரவுண்டுக்கு வராது. தமிழக மகளிர் அணி 2018-லும் 2023-லும் சீனியர் தேசியப் பட்டத்தை வென்றது. அப்படியிருந்தும் எட்டு வயதுப் பெண் பிள்ளையைப் பையன்களோடு ஆட விடத் தயங்குகிறோம். 12 வயதுவரை கலந்தே ஆடட்டும். லெக்கிங்ஸ் போட்டு ஆட வந்தால் விடுங்கள், இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்புங்கள். மாவட்டச் சங்கத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பத்து வயதுக்குக் கீழே கோப்பையும் பட்டியலும் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் ஆடியது என்ற பதிவேடு மட்டும் போதும் என்று.

பூட்ஸ் வாங்க வேண்டாம். அடியில் குமிழ் (ஸ்டட்) வைத்த பூட்ஸ் போட்ட பத்துப் பேரும் வெறுங்கால் இருபத்திரண்டு பேரும் ஒரே களத்தில் ஆடினால் முதல் வாரமே ஒருவருக்கு நகம் பெயரும், அதோடு அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிடும். 32 பேருக்கும் கேன்வாஸ் ஷூ, அல்லது 32 பேரும் வெறுங்கால். நன்கொடையாளர் பத்து ஜோடிக்குத்தான் பணம் தருவார் என்றால் அந்தப் பணத்தில் 3-ஆம் எண் பந்தும், ஒரு நல்ல கைப்பம்பும், நாலைந்து ஊசியும் கேளுங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் சொருகாதீர்கள், வால்வு கிழிந்துவிடும்.