அந்த நோட்டு யார்கிட்ட இருக்கு?

வணக்கம் சார். எங்க பகுதி டயாலிசிஸ் சென்டருக்கும் ரத்த வங்கிக்கும் இருபது வருஷமா உதவி பண்ணிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் போன மாசம் தவறிட்டார். 86 வயசு. மாசம் ஒருதடவ வந்து உக்காந்து எல்லார்கிட்டயும் பேசி, ஒரு சின்ன நோட்டுல ஏதோ குறிச்சுக்கிட்டு போவார். அவருக்கு நினைவு மலர் போடுறோம், அவர் பேர்ல ஒரு மெஷின் வாங்கித் தரவும் வசூல் பண்றோம். பேருக்காகத்தான் செஞ்சார்னு சிலர் பேசுறது கஷ்டமா இருக்கு. அவரைப் பத்தி எப்படி எழுதினா பெருமையா இருக்கும்?

தம்பி,

பேருக்காகன்னு பேசுறவங்களை விடுங்க, அவங்க பேருக்காகக்கூட எதுவும் செஞ்சிருக்க மாட்டாங்க. எனக்கு அந்த நோட்டுதான் கண்ணுல பட்டுச்சு, நீங்க என்னடான்னா போற போக்குல அதை சொல்லிட்டு மெஷினுக்கு போயிட்டீங்க.

எங்க அண்ணன் ரெண்டு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தான். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம். நான்தான் கூட போவேன், வெளிய பெஞ்சுல உக்காந்து எழுதுறேன்னு பேரு, ஒண்ணும் ஓடாது. உள்ள ஒவ்வொரு மெஷினுக்கு மேலயும் இன்னார் நினைவாகன்னு ஒரு பலகை, பளபளன்னு. ஒருநாள் போனா அத்தனை மெஷினும் நிக்குது. மெஷின் கெடல, தண்ணி கெட்டுப்போச்சு. ஒரு ஆளுக்கு ஒருதடவ பண்ண சுமார் 120 லிட்டர் சுத்தமான தண்ணி வேணும், நீங்களோ நானோ ரெண்டு மாசம் குடிக்கிற தண்ணி அது. மெல்லிசா ஒரு சவ்வு, அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் இந்தத் தண்ணி. அதுல குளோரின் மிச்சமிருந்தா ரத்த அணுக்கள் உடைஞ்சுடும். அதனால கார்பன் ஃபில்டர், ஆர்ஓ மெம்பரேன்லாம் காலாகாலத்துல மாத்தியே ஆகணும், அதுக்குத்தான் காசு இல்ல. ஃபில்டர்ல பேர் எழுத இடமில்ல பாருங்க, மூலையில கிடக்குறதை யார் வந்து போட்டோ எடுப்பா?

அன்னிக்கு திரும்பி வந்துட்டோம். கால் வீங்கி, படுத்தா மூச்சு முட்டி, அண்ணன் விடிய விடிய உக்காந்தே இருந்தான்.

அங்க ஒரு பெரியம்மா வருவாங்க, ரிட்டயர்டு டீச்சர். டாக்டர் ரூம் பக்கமே போகமாட்டாங்க, நேரா டெக்னீஷியன் பையன்கிட்ட போய் "எதுக்குப்பா யாருமே காசு தரமாட்டேங்கிறாங்க?"ன்னு கேப்பாங்க. எப்பவும் இதே கேள்விதான். ரெண்டாம் நாளே ஃபில்டர் மாறுச்சு. காசு யார் குடுத்ததுன்னு எனக்கு தெரியவே ஒரு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள அண்ணன் போயிட்டான், நன்றி சொல்லலாம்னு தேடிப்போனா அவங்களும் இல்ல. கொஞ்ச நாளா அவங்க நெனப்பாவே இருக்கு, அப்பதான் உங்க கடிதம் வந்துச்சு.

2011-ல ஒரு ஆய்வு வந்தது. வசதி குறைஞ்ச 16 நாடுகள்ல ஒரு லட்சத்துக்கும் மேல மருத்துவக் கருவிகளை கணக்கெடுத்தா, கிட்டத்தட்ட 40 சதவீதம் வேலை செய்யல. திறந்து வச்சப்ப எல்லாத்துக்கும் கைதட்டித்தான் இருப்பாங்க. இப்ப நீங்களும் ஒண்ணு வாங்கி பேர் ஒட்டப் போறீங்க, ஓட்ட ஆள் இருக்கா, சம்பளம் யார் தருவா, இன்னொரு மெஷினை அந்த தண்ணி பிளான்ட் தாங்குமா, கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. இருபது வருஷம் அந்த மனுஷன் உங்க கண்ணு முன்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கார், என்ன எழுதுறார்னு ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல, இப்ப மலராம்.

கோவிச்சுக்காதீங்க. நானும் அந்த பெஞ்சுல ரெண்டு வருஷம் சும்மா உக்காந்திருந்தவன்தான்.

மலர்ல கொடைவள்ளல், கலியுகக் கர்ணன்லாம் வேண்டாம். நோட்டுல இருக்குறதை அப்படியே அச்சடிங்க, அதுல இன்னும் ஆகலைன்னு கோடு போட்டு அடிக்காம விட்ட வரி எதுவோ அதுக்கு வசூல் பணத்தை குடுங்க. மொதல்ல அவர் வீட்டுக்கு போன் போடுங்க, இன்னிக்கே, பழைய பேப்பரோட சேத்து எடைக்கு போட்டுடப் போறாங்க.