பித்தளை என்றார்கள், காந்தம் ஒட்டுகிறது!

கேள்வி: வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொழுதுபோக்காக 1:64 அளவில் ஒரு பழைய பாய்மரக் கப்பலை மரத்தில் செய்து வருகிறேன். நங்கூரம், பீரங்கி, வளையக் கொக்கி, சுக்கான் கீல் எல்லாம் அடங்கிய 'அசல் பித்தளை' செட் என்று ஆன்லைனில் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கொக்கிகள் காந்தத்தில் ஒட்டுகின்றன. நங்கூரத்தை நகத்தால் சுரண்டினால் மஞ்சள் உரிந்து சாம்பல் நிறம் தெரிகிறது. 'கைவினைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார் விற்றவர். பணம் திரும்புமா? இவற்றை வீட்டிலேயே செய்ய முடியுமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: முதலில் பணம். காந்தத்தில் ஒட்டியது இரும்புதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் எண்ணிவிடாதீர்கள். துத்தநாகக் கலவையும் ஈயக் கலவையும் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஏதாவது ஒரு உருப்படியின் அடிப்பக்கத்தில் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பித்தளை என்றால் உள்ளேயும் மஞ்சள்தான். சாம்பல் தெரிந்தால் அது முலாம். அதைப் போட்டோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் 'அசல் பித்தளை' என்ற வரி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். இன்றைக்கே எடுங்கள், அந்த வரி நாளைக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ, பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். 'ரிட்டர்ன் கிடையாது' என்பது உங்களுக்கு மனசு மாறினால் செல்லும். அவர் பொருளை மாற்றி அனுப்பினால் செல்லாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். 2,800 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.

பணம் வந்ததும் அதேபோல இன்னொரு செட் வாங்கிவிடாதீர்கள். கலவை உலோகம் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளீயமும் ஆன்டிமனி என்ற உலோகமும் கலந்து வார்த்த நல்ல பீரங்கிகள் உண்டு. பயப்பட வேண்டியது ஈயம் கலந்ததற்குத்தான். மரமும் பிளைவுட்டும் மெதுவாக அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். வினிகரில் இருக்கிற அதே சரக்கு. மூடின கண்ணாடிப் பெட்டிக்குள் அது தேங்கினால், கூடவே நம் குன்னூர் ஈரமும் சேர்ந்தால், ஈயம் வெள்ளைப் பவுடராக உதிர ஆரம்பிக்கும். அருங்காட்சியகத்துக் கப்பல் மாதிரிகளே இப்படிப் பாழாகியிருக்கின்றன. ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பெட்டி செய்யக் கொடுக்கும்போது கண்ணாடிக் கடையில் எந்த சிலிக்கான் பசை பூசுகிறார்கள் என்று மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் வேறு போடச் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் செய்யும் விஷயம். முடியும். அந்த 2,800 ரூபாய்க்குள்ளேயே கருவியும் வாங்கிவிடலாம்: மூக்குக் குறடு, வெட்டுக் குறடு, சின்ன அரம் இரண்டு, கையால் திருகும் குட்டி டிரில், 25 வாட் சால்டரிங் அயர்ன். குறட்டில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். வாய்ப் பகுதியில் பல் வெட்டியிருக்கிற குறடு கம்பியைக் கடித்துத் தழும்பாக்கிவிடும். வழுவழுவென்று இருப்பதாகக் கேளுங்கள். தங்க ஆசாரிமார் கருவி வாங்குகிற கடைகளில் கிடைக்கும். கோயம்புத்தூர் போகிறபோது பெரிய கடை வீதிப் பக்கம் விசாரியுங்கள்.

கம்பிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். டீ பேக்டரி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் நம் பக்கம் இருக்கின்றனவே, அங்கே துண்டுச் செம்புக் கம்பி கேளுங்கள். மேலே பூசியிருக்கும் எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எரித்து எடுக்காதீர்கள், புகை ஆகாது. 24 கேஜ் கம்பியின் கனம் 0.56 மி.மீ. உங்கள் 1:64 கணக்கில் அது நிஜக் கப்பலில் 36 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வளையக் கொக்கிக்கு இது பொருந்தும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் 20 கேஜில் போய் விழுவார்கள். கப்பலில் அது யானைச் சங்கிலி மாதிரி தெரியும்.

கம்பி வளைந்து நெளிந்துதான் வரும். ஒரு முனையை வைஸில் (மேஜையில் பொருத்தும் இடுக்கி) கடிக்க வைத்து, மறுமுனையைக் குறட்டால் பிடித்து நேராக இழுங்கள். ஒரு நொடி இறுகி நிற்கும், அப்புறம் கைக்குள் சட்டென்று லேசாக நீளும். அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். கம்பி ஈர்க்குச்சி மாதிரி நேராகியிருக்கும். அதை 1 மி.மீ. டிரில் பிட்டின் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, ஸ்பிரிங் போலக் கழற்றி, நீளவாக்கில் வெட்டினால் ஒரே அச்சில் இருபது வளையம். கொக்கி வேண்டுமென்றால் ஒரு சுற்று சுற்றி வாலை விட்டுவிட்டு முறுக்க வேண்டும். முதல் பத்தைக் குப்பையில் போடுவீர்கள், பரவாயில்லை, பதினொன்றாவது சரியாக வரும்.

பித்தளைத் தகட்டில் சுக்கான் கீல் வளைக்கும்போது ஓரம் வெடித்தால் தகடு இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். அரையிருட்டில் மங்கிய சிவப்பாகும் வரை சுட்டுத் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும். பாக்கெட் கேஸ் டார்ச் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: அதில் இருப்பது பியூட்டேன். பூஜ்யம் டிகிரியை ஒட்டி அது ஆவியாகவே மறுக்கும். உதகை பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி கொட்டுகிற ஜனவரிக் காலையில் டார்ச் எரியவில்லை என்று கடையில் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பற்றவைக்க ஈயம் கலக்காத சால்டர் கம்பி, ரோசின் (மரப்பிசின்) பேஸ்ட். குழாய் வேலைக்கு விற்கிற அமிலப் பேஸ்ட்டை வாங்காதீர்கள். என் முதல் கப்பலின் கைப்பிடிக் கம்பியை அதில்தான் பற்றவைத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. ஐப்பசி மழை முடிந்து பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு மூட்டிலும் பச்சைக் களிம்பு, கீழே மரத்திலும் இறங்கியிருந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பிடுங்கிப்போட்டுத் திரும்பச் செய்தேன். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பற்றவைக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு டீ குடியுங்கள்.

இரும்புபோல் கறுப்பாக்க மருந்து வாங்கத் தேவையில்லை, செம்புக் கம்பி என்றால். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை நசுக்கி ஒரு டப்பாவில் போட்டு, அதற்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் கொக்கிகளை வைத்து, டப்பாவை மூடிவிட்டு இரவு தூங்கப் போங்கள். காலையில் கறுத்திருக்கும். கந்தக வாயு செய்கிற வேலை அது. பித்தளையில் இது ஒழுங்காக ஏறாது, அதனால்தான் செம்பு என்றேன். டப்பாவை எந்த அறையில் திறப்பது என்பதை மட்டும் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பீரங்கி கடைவதற்காக மினி லேத் வாங்கலாமா? எட்டு பீரங்கி வேண்டும்.
— ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: வேண்டாம். எட்டு பீரங்கிக்கு லேத் வாங்குவது கரண்டிப் பாலுக்கு மாடு வாங்குவது. 9 அடி பீரங்கி 1:64 இல் 43 மி.மீ. நீளம்தான். வீட்டில் டிரில் மெஷின் இருந்தால் வைஸில் கெட்டியாகப் பிடித்து, பித்தளைத் தண்டை அதில் மாட்டிச் சுழல விட்டு அரத்தால் வடிவம் கொடுக்கலாம். கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டாவையும் தலைமுடியையும் கட்டிவிடுங்கள். கஷ்டம் எட்டும் ஒன்றுபோல வருவதில் இருக்கிறது. தகரத்தில் பீரங்கியின் பாதி வடிவத்தை வெட்டி அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஓரளவு வரும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் பீரங்கியை மட்டும் விலைக்கு வாங்குங்கள். உதிரியாக ஒன்றே ஒன்று வாங்கி, அரத்தால் உரசிப் பார்த்துவிட்டு, மீதி ஏழை ஆர்டர் செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வந்த நங்கூரப் பாக்கெட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. இது சரியா?
— கல்லூரி மாணவர், உதகை

பதில்: சரியில்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிப்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எத்தனை உருப்படி, எம்ஆர்பி, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915இல் சொல்லுங்கள். நங்கூரம் நன்றாக இருந்தால் கப்பலில் மாட்டிக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை.