டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எமது விருந்தினர் விடுதியின் இணையத்தளம் சில நாள்களாகத் திறக்கவில்லை. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். மீட்கலாமா? (சுன்னாகம்)

பதில்: பெயரையோ காலாவதித் திகதியையோ எழுதாமல் இப்படிக் கேட்டால் எவராலும் உறுதியாகப் பதில் கூற இயலாது. உலகெங்கும் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகானின் தேடல் பக்கத்தில் பெயரை இட்டு நீங்களே பாருங்கள். அங்கே திகதி அடுத்த ஆண்டைக் காட்டினால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். காலாவதியானதும் ரெஜிஸ்ட்ரி (பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் அமைப்பு) தானாகவே ஓராண்டைக் கூட்டிக் காட்டுமேயன்றி, பணம் கட்டப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. டொட் கொம் பெயராயின், ஏறத்தாழ 45 நாள்கள் வரை வழமையான கட்டணத்தில் புதுப்பிக்க, நீங்கள் பெயரை வாங்கிய பதிவு நிறுவனம் இடமளிக்கலாம். அது நிறுவனத்தின் விருப்பம். ஒரு மாதம் கழிந்ததுமே பெயரை ஏலத்தில் விடுபவர்களும் உள்ளனர். பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதன்பின் எவரும் கைவைக்க முடியாத 5 நாள், அதற்குப் பிறகு பெயர் முந்துபவருக்கு. இன்றே பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: மீட்புக் காலம் என்று கூறி 100 டொலருக்கு மேல் கேட்கிறார்கள். இது பகற்கொள்ளை அல்லவா? (நெல்லியடி)

பதில்: அல்ல. ரெஜிஸ்ட்ரி தனிக் கட்டணம் அறவிடுகிறது; நிறுவனம் தன் பங்கை அதன்மேல் சேர்க்கிறது. அத்தொகையைத் தன் இணையத்தளத்தில் முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டியது அதன் கடமை. காட்டியதைவிடக் கூடுதலாகக் கேட்டால் ஐகானிடம் முறையிடுங்கள்.

கேள்வி: காலாவதி பற்றி ஓர் அறிவித்தல்கூட வரவில்லை. (திருநெல்வேலி)

பதில்: ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னர் ஒன்று, ஒரு வாரத்துக்கு முன்னர் ஒன்று, காலாவதியாகி 5 நாளுக்குள் இன்னொன்று அனுப்பப்பட வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால், பதிவில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளது. டொமைன் நின்றால் அதன் மின்னஞ்சலும் நிற்கும். இறுதி அறிவித்தல் எங்கே வந்து சேரும்? பதிவு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கலாகாது என்பதை எத்தனை தடவை எழுதினாலும் போதாது.

கேள்வி: எமது பழைய மாணவர் சங்கத்தின் தளத்தை அமைத்துத் தந்த தம்பி கனடா போய்விட்டார். டொமைன் அவருடைய பெயரில் உள்ளது. இரண்டு மாதத்தில் காலாவதியாகிறது. பதிவு நிறுவனமோ எம்மிடம் தர மறுக்கிறது. (மானிப்பாய்)

பதில்: இக்கடிதம் எனக்கு மாதந்தோறும் வருகிறது, ஊரும் சங்கமும்தான் மாறுகின்றன. நீங்கள் இணைத்த பற்றுச்சீட்டில் 'இணையத்தளம் அமைத்தல், டொமைன் உட்பட' என்ற ஒரே வரியும் ஒரு கையொப்பமும் உள்ளன. எந்த நிறுவனத்தில், எந்தக் கணக்கில், யாருடைய பெயரில் பதிவாகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. காணி வாங்கும்போது உறுதியை நான்கு தலைமுறைக்குத் துருவிப் பார்க்கிற நாம், சங்கத்தின் பெயரை மட்டும் வேறொருவருடைய கணக்கில் எழுதவிட்டு அதை மறந்துவிடுகிறோம். பதிவேட்டில் உரிமையாளராக உள்ளவரே உரிமையாளர். பணம் கொடுத்தது யார் என்பதை நிறுவனம் விசாரிக்காது. உங்களுக்குத் தர மறுத்ததில் அதன்மீது குற்றமில்லை. நாளை வேறொருவர் வந்து உங்கள் டொமைனைக் கேட்டாலும் அவ்வாறே மறுக்க வேண்டும் என்றுதான் நீங்களும் விரும்புவீர்கள்.

அந்தத் தம்பியை உறவினர் மூலமாவது பிடியுங்கள். சண்டை பிடிக்காதீர்கள், அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் காரியம் நடவாது. முதலில் ஓராண்டுக்குப் புதுப்பிக்கச் செய்யுங்கள். அதன்பின், அதே நிறுவனத்தில் சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து டொமைனை அதற்கு மாற்றி, உரிமையாளர் பெயரையும் மாற்றுங்கள். உரிமையாளர் மாறினால் 60 நாள்களுக்கு வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழலாம். அதற்காகப் பதற வேண்டாம். புதிய மின்னஞ்சலும், மீண்டும் சொல்கிறேன், அதே டொமைனில் இருக்கலாகாது. செயலாளரின் தனிப்பட்ட முகவரியாகவும் இருக்கலாகாது, ஏனெனில் செயலாளர்களும் மாறுவார்கள்.

கேள்வி: சேவை பிடிக்காததால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெற்றேன். இப்போது டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடுகிறார்கள் இல்லை. (கோண்டாவில்)

பதில்: விட மாட்டார்கள். கட்டணம் செலுத்தப்படாமையும் அட்டைக் கொடுப்பனவைத் திருப்பியெடுத்தலும் மாற்றத்தை மறுக்க விதிகளே அனுமதிக்கும் காரணங்கள். விதியை வாசித்த பின்னர் வங்கிக்குப் போயிருக்கலாம்.

கேள்வி: இவ்விதிகள் இலங்கைக்குரிய டொட் எல்கே பெயர்களுக்கும் பொருந்துமா? (கொக்குவில்)

பதில்: இல்லை. அவற்றுக்கு எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் சொந்த விதிகளே பொருந்தும்.

கேள்வி: நாம் தவறவிட்ட டொட் கொம் பெயரை ஒருவர் எடுத்து, சூதாட்ட விளம்பரம் போட்டு, 2000 டொலர் கேட்கிறார். வழக்காடலாமா? (சாவகச்சேரி)

பதில்: 1999 முதல் நடைமுறையில் உள்ள ஐகானின் பிணக்குத் தீர்வு முறையில் மூன்றை நிறுவ வேண்டும்: பெயர் உங்கள் வணிகக் குறியை ஒத்தது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்துடன் பதிந்து பயன்படுத்துகிறார். குறி பதிவு செய்யப்படாவிடினும், நெடுங்காலப் பாவனையால் வந்த உரிமையைப் பழைய விளம்பரங்கள், பற்றுச்சீட்டுகள் கொண்டு காட்டலாம். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் மட்டும் சேர்ந்த பெயராயின் வெல்வது கடினம். ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பில் தனி நடுவருக்குக் கட்டணமே 1500 டொலர், சட்டத்தரணியின் செலவு வேறு. வென்றாலும் பெயர் திரும்பும் அல்லது நீக்கப்படும், நட்டஈடு கிடையாது.